15 மீட்டரில் சிங்கம்: கிர் காட்டில் படமெடுக்கப் போகிறவர்களுக்கு

கிர் காட்டில் சிங்கத்தைக் கண்டுபிடிப்பது வனத்துறை வழிகாட்டியின் வேலை. சிங்கம் நாம் ஏறிய ஜிப்சி என்ற திறந்த ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது ஒழுங்காக ஒரு படம் எடுப்பதுதான் நம் வேலை. சிரமமும் அதில்தான் இருக்கிறது. சிங்கம் தொலைவில் இருந்தால் படத்தில் சிறியதாக விழும், அவ்வளவுதான். கிட்டே வந்துவிட்டாலோ காது வெட்டுப்படும், ஃபோகஸ் மூக்கில் உட்காரும், கண் மங்கும், வண்டி ஆடும், பக்கத்து இருக்கைக்காரரின் தொப்பி குறுக்கே வரும். முதல்முறை போகிறவர்களில் பலர் 600 மிமீ லென்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய், எட்டு மீட்டரில் படுத்திருக்கும் சிங்கத்தின் பாதி முகத்தோடு ஊர் திரும்புகிறார்கள்.

ஆசியச் சிங்கம் காட்டு விலங்காக வாழ்வது உலகத்தில் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் மட்டும்தான். 2020ல் 674 ஆக இருந்த எண்ணிக்கை 2025 கணக்கெடுப்பில் 891 ஆகியிருக்கிறது. இவற்றில் பாதிக்கு மேல் கிர் காட்டுக்கு வெளியே, வயலும் புதருமான நிலத்தில் திரிகின்றன. ஆனால் படமெடுக்கப் போகிற புதியவருக்கு ஏற்ற வழி, சாசன் கிர் கிராமத்திலிருந்து அனுமதியோடு புறப்படும் திறந்த ஜிப்சிதான். இங்கே சொல்வதெல்லாம் அந்த வண்டியை மனதில் வைத்துத்தான்.

அனுமதி, பருவம், வெளிச்சம்

ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை மழைக்காக காடு மூடியிருக்கும். திறந்தவுடன் போனால் எல்லாம் பச்சை, புல் உயரம். சிங்கம் படுத்தால் காது நுனிதான் தெரியும். டிசம்பர், ஜனவரியில் குளிர், மென்மையான வெளிச்சம், கூட்டமும் அதிகம். மார்ச் தொடங்கித் தேக்கு இலை உதிர்ந்து காடு திறந்துகொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் வாட்டினாலும் சிங்கங்கள் தண்ணீர்த் தொட்டிகளை விட்டு அதிகம் விலகாது. படத்துக்காக மட்டும் போகிறவருக்கு எங்கள் தேர்வு மார்ச் மாதம். குடும்பத்தோடு போவதானால் ஜனவரி.

அனுமதியை வனத்துறையின் அதிகாரபூர்வ இணையதளத்தில்தான் வாங்க வேண்டும். தீபாவளி, கிறிஸ்துமஸ் வார அனுமதிகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. ‘கிர் ஜங்கிள் டிரெயில்’ என்பது காட்டுக்குள் ஜிப்சியில் போவது. ‘தேவாலியா சஃபாரி பார்க்’ என்பது வேலி போட்ட தனிப் பகுதி. இரண்டுக்கும் சீட்டு வேறு. தேவாலியாவில் சிங்கம் தென்படும் வாய்ப்பு அதிகம்தான், ஆனால் அது இந்தக் கட்டுரையில் பேசும் படமெடுப்பு அல்ல. அனுமதியில் கொடுத்த அடையாள அட்டையின் மூலத்தைக் கையில் வைத்திருங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு. கட்டணங்களும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் பதிவு செய்யும் அன்று இணையதளத்தில் இருப்பதையே நம்புங்கள்.

காலையில் இரண்டு சுற்று, பிற்பகல் ஒரு சுற்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை முதல் சுற்றும் பிற்பகல் சுற்றும் வாங்குங்கள். நடுச் சுற்றில் சிங்கம் பெரும்பாலும் தூங்கும், வெளிச்சமும் தலைக்கு மேலே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும்: ஜனவரியில் கிர் பகுதியில் சூரியன் சென்னையைவிட முக்கால் மணி நேரம் தாமதமாக, ஏழு மணி தாண்டித்தான் எழும். குளிர்காலத்து முதல் சுற்றின் தொடக்கத்தில் காட்டுக்குள் இருட்டுதான். மங்கலில் நன்றாக வேலை செய்யும் கேமராவும், 6400 ஐஎஸ்ஓவைப் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) பார்த்துப் பயப்படாத மனமும் வேண்டும்.

ஒரே ஒரு சுற்றுக்காக அவ்வளவு தூரம் போகாதீர்கள். நான்கு சுற்றாவது வேண்டும். எந்தத் தடத்தில் போவது என்பது உங்கள் கையில் இல்லை. சில தடங்களில் அன்று சிங்கமே இராது.

வண்டிக்குள் எங்கே உட்காருவது

அனுமதி வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. ஒரு ஜிப்சியில் ஆறு பேர் வரை ஏறலாம் என்றாலும் படமெடுப்பவர்கள் மூன்று பேருக்கு மேல் ஏறினால் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். மூன்று பேராகச் செலவைப் பிரித்துக்கொள்வதே நல்லது.

முன்வரிசையில் வண்டி குதிப்பு குறைவு, ஆனால் ஓட்டுநர், வழிகாட்டி இருவரின் தலையும் முன்னே நிற்கும். பின்வரிசை கொஞ்சம் உயரம், இரு பக்கமும் பின்னாலும் தடையில்லை. ஆனால் பின் அச்சுக்கு மேலே இருப்பதால் குழியில் விழும்போது முதுகு சொல்லும். மூன்று பேரானால் பின்வரிசையில் இடம், வலம் இருவர், முன்வரிசையில் ஒருவர். நடு இருக்கை யாருக்கும் வேண்டாம். பையை அங்கே வையுங்கள்.

ஏறுவதற்கு முன் கூட்டாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஜிப்சியின் ஸ்பிரிங் விறைப்பானது. உள்ளே ஒருவர் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தால் ஒன்றிரண்டு நொடி வண்டி முழுவதும் ஆடும். யாராவது படமெடுத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் அசையக் கூடாது. இடம் மாற வேண்டுமானால் சொல்லிவிட்டு மாற வேண்டும். மங்கிப்போன படங்களில் பாதிக்குக் காரணம் கேமரா அல்ல, பக்கத்தில் இருந்தவர்.

ஓட்டுநரிடம் பேச நான்கு குஜராத்திச் சொற்றொடர்கள் போதும். ‘காடி பந்த் கரோ’ என்றால் வண்டியை அணையுங்கள். ‘தோடு ஆகள்’ கொஞ்சம் முன்னே, ‘தோடு பாசள்’ கொஞ்சம் பின்னே. ‘பஸ்’ என்றால் போதும். வண்டிக்குள் சிங்கத்தைச் ‘சாவஜ்’ என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் கேமராவைக் கையில் எடுங்கள்.

லென்ஸ்: ஒரு சின்னக் கணக்கு

தூரத்தை மீட்டரில் எடுத்து 36ஆல் பெருக்குங்கள். லென்ஸின் மிமீயால் வகுத்துவிடுங்கள். முழு ஃபிரேம் கேமராவின் (36 மிமீ அகலச் சென்சார் உள்ளது) படத்துக்குள் குறுக்காக எத்தனை மீட்டர் அடங்கும் என்பது கிடைக்கும். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள கிராப் சென்சார் கேமராவுக்கு 36க்குப் பதில் 24 போட்டால் சரியாக வரும்.

20 மீட்டரில் 400 மிமீ என்றால் 1.8 மீட்டர். வளர்ந்த ஆண் சிங்கத்தின் தலையும் உடலுமே இரண்டு மீட்டர் அளவுக்கு வரும், வால் தனி. பக்கவாட்டில் நடக்கும் சிங்கம் உள்ளே அடங்காது. நேராகப் பார்த்துப் படுத்திருந்தால் அழகாக அடங்கும். அதே 20 மீட்டரில் 200 மிமீ வைத்தால் 3.6 மீட்டர்: முழுச் சிங்கமும், அது நடந்து போகக் கொஞ்சம் முன்னிடமும். 5 மீட்டரில் 70 மிமீ வைத்தால் இரண்டரை மீட்டர். 5 மீட்டரில் 400 மிமீ வைத்தால் 45 சென்டிமீட்டர், அதாவது முகம் மட்டும், அதுவும் பிடரி இல்லாமல்.

சிங்கம் மண் சாலையில் நடந்து வண்டியை ஒட்டி மூன்று, நான்கு மீட்டரில் கடந்து போவது கிர் காட்டில் சாதாரணம். ஆகவே இங்கே ஒற்றை நீள லென்ஸ் உதவாது. 100-400 ஜூம் ஒன்று இருந்தால் பத்தில் எட்டுத் தருணங்களைச் சமாளிக்கலாம். இரண்டாவது கேமரா இருந்தால் அதில் 24-70 அல்லது 24-105. இரண்டாவது கேமரா இல்லாதவர்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். நான்கு மீட்டரில் நிற்கும் சிங்கத்தையும் அதற்குப் பின்னாலுள்ள தேக்கங்காட்டையும் ஒன்றாகக் காட்ட அதுதான் கையில் இருக்கும் அகல லென்ஸ். சத்தத்தையும் ஃபிளாஷையும் முன்பே நிறுத்திவிடுங்கள். காட்டுக்குள் லென்ஸ் கழற்றி மாட்டும் எண்ணமே வேண்டாம். அந்தப் புழுதி ஒருமுறை சென்சாரில் படிந்தால் அந்தப் பயணம் முழுவதும் வானத்தில் கறுப்புப் புள்ளிதான்.

நீள லென்ஸ் கொண்டுபோகிறவர்கள் அதன் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பாருங்கள். சிக்மா 150-600 கன்டெம்பரரிக்கு 2.8 மீட்டர். சோனி 200-600க்கு 2.4 மீட்டர். கேனன் 100-400 இரண்டாம் பதிப்புக்கு ஒரு மீட்டருக்கும் சற்றுக் குறைவு. லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் எல்லையைக் கட்டுப்படுத்தும் பொத்தான் இருந்தால் அதை ‘முழுவதும்’ என்ற நிலையில் வையுங்கள். பறவை எடுத்துப் பழகியவர்கள் அதைத் தொலைவுக்கு மட்டும் என்று வைத்துவிட்டு மறந்துபோவார்கள். சிங்கம் பக்கத்தில் வரும்போது லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபோகஸ் பிடிக்காது.

கிட்டே என்பது எவ்வளவு கிட்டே

இந்த வேலையில் புதியவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய முதல் எண்ணம், வண்டி எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்ல படம் என்பது. நல்ல படத்துக்கான தூரம் 15 முதல் 25 மீட்டர். காரணங்கள் மூன்று.

ஜிப்சியில் உட்கார்ந்தால் உங்கள் கண் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். படுத்திருக்கும் சிங்கத்தின் கண் அரை மீட்டர் உயரத்தில். 5 மீட்டர் தூரத்தில் நீங்கள் 17 டிகிரி சரிவில் கீழே பார்க்கிறீர்கள். சிங்கம் வளர்ப்பு நாய் போலத் தட்டையாகத் தெரியும், பின்னணி முழுவதும் சருகு. 20 மீட்டருக்குப் பின்வாங்கி 400 மிமீயில் எடுத்தால் அந்தச் சரிவு 4 டிகிரிதான். பின்னணியும் தள்ளிப்போய்க் கரைந்துவிடும். கண்ணுக்கு நேர் மட்டத்தில் எடுத்த தோற்றம் வரும்.

அடுத்தது ஃபோகஸ் ஆழம். முழு ஃபிரேமில் 400 மிமீ, அபர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறியது) எஃப் 5.6 வைத்து 10 மீட்டரில் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். 5 மீட்டரில் அது 5 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கண் கூர்மையாக இருந்தால் மூக்கு மங்கும், மூக்கைப் பிடித்தால் கண் போயிற்று. எஃப் 11 வரை மூடினாலும் 10 சென்டிமீட்டர்தான் கிடைக்கும், அதற்குள் ஐஎஸ்ஓ எகிறிவிடும். கிட்டே இருக்கும்போது செய்ய வேண்டியது அபர்ச்சரை மூடுவதல்ல, ஜூமைப் பின்னிழுப்பது. 5 மீட்டரில் 135 மிமீ, எஃப் 5.6 என்றால் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும்.

மூன்றாவது காரணம் சிங்கமே. வண்டி நெருங்க நெருங்க அது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்கும். எல்லாப் படமும் ‘கேமராவைப் பார்க்கும் சிங்கம்’ ஆகிவிடும். தூரத்தில் நின்றால் நக்கும், கொட்டாவி விடும், தலையோடு தலை உரசும். கிட்டே வருவதா என்பதை அதன் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.

தாங்கல்

ட்ரைபாடுக்கு ஜிப்சியில் இடமில்லை. ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தினால் எழவும் திரும்பவும் முடியாது. தானியம் நிரப்பிய துணிப்பையான பீன் பேக் ஒன்றே வழி. துணிப்பையைக் காலியாகக் கொண்டுபோய் ஜுனாகத்திலோ சாசனிலோ இரண்டு, மூன்று கிலோ கம்பு வாங்கி நிரப்புங்கள். சௌராஷ்டிரத்தில் கம்பு ரொட்டி அன்றாட உணவு என்பதால் எந்தக் கடையிலும் கிடைக்கும். சின்னத் தானியம் என்பதால் லென்ஸின் வடிவத்துக்கு ஏற்ப நன்றாக அமுங்கும். பையை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் கல் மாதிரி நின்று லென்ஸ் உருளும். நிலக்கடலை மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீர்கள், எடை போதாது. இருக்கைக்கு முன்னால் செல்லும் இரும்புக் குழாயின் மேல் பை இரு பக்கமும் தொங்கும்படி போட்டால் நழுவாது.

ஒரு முக்கியமான விஷயம்: எஞ்சின் ஓடும்போது பீன் பேக் உதவாது, கெடுதல் செய்யும். குழாயின் அதிர்வு அப்படியே லென்ஸுக்கு ஏறும். எஞ்சின் ஓடுகிறதென்றால் லென்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு, முழங்கையையும் குழாயிலிருந்து எடுத்துவிட்டு 1/1000 நொடிக்குக் குறையாமல் எடுங்கள். சிங்கம் மிக அருகில் இருக்கும்போது ஓட்டுநர் எஞ்சினை அணைக்க மறுக்கலாம். வற்புறுத்தாதீர்கள்.

நுழைவாயிலுக்கு முன்பே செய்ய வேண்டிய அமைப்பு

கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கியாக விடுங்கள், மேல் எல்லை 6400 அல்லது உங்கள் கேமரா தாங்கும் அளவு. ஷட்டர் 1/640 நொடி, அபர்ச்சர் எஃப் 5.6. இது தொடக்க நிலை. நடக்கும் சிங்கத்துக்கு இது போதும். ஓடினால், சண்டையிட்டால் 1/2000. எஞ்சின் அணைத்திருக்க, சிங்கம் அசையாமல் படுத்திருக்க, பீன் பேக்கும் இருந்தால் 1/200 வரை இறங்கி ஐஎஸ்ஓவைக் குறைக்கலாம். இரண்டு சிங்கங்கள் முன்பின்னாக இருந்தால் எஃப் 8 முதல் 11.

காய்ந்த தேக்கு இலையும் சிங்கத்தின் தோலும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு. கேமராவின் ஒளிமானி அதிகம் ஏமாறாது, வெளிச்சத் திருத்தம் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) தேவைப்படாது. ஏமாறுவது மூன்று இடங்களில். கரிய நிழலுக்கு முன்னால் வெயிலில் நிற்கும் சிங்கத்தைக் கேமரா வெளுக்கவைத்துவிடும்: திருத்தத்தைக் கழித்தல் 0.7 வையுங்கள். வெளிறிய மண் சாலையில் நிழலாக வரும் சிங்கம் இருண்டுவிடும்: கூட்டல் 0.7. காலை வெயில் பின்னாலிருந்து பிடரியைப் பற்றவைக்கும்போது அந்த ஓரத்து ஒளிதான் படம் என்றால் கழித்தல் 1, முகம் வேண்டுமென்றால் கூட்டல் 1. இரண்டும் ஒரே படத்தில் வராது.

வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) தானியங்கியில் விட்டால் காலை நேரத்துப் பொன்னிறத்தைக் கேமரா ‘சரிசெய்து’ நீலமாக்கும். பகல் வெளிச்சம் என்று நிலைநிறுத்தி, பிறகு நிறத்தைத் திருத்த இடம் தரும் ரா கோப்பாக எடுங்கள். லென்ஸின் முன்னே யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். புழுதி படிந்த ஃபில்டர் பின்வெளிச்சத்தில் படத்தையே பால் ஊற்றியதுபோல் ஆக்கிவிடும். கண்ணாடியைக் காக்க லென்ஸின் முன்னே மாட்டும் ஹூட் போதும்.

ஃபோகஸ் தொடர் முறையில் (நகரும் விலங்கைத் தொடர்ந்து பிடிக்கும் முறை) இருக்கட்டும். விலங்கின் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதை நம்பலாம், ஒரு நிபந்தனையோடு: சிங்கத்துக்கும் உங்களுக்கும் நடுவே குச்சியோ புல்லோ இருக்கும்போது அது குச்சியைப் பிடித்துக்கொள்ளும். கிர் காட்டில் இது ஓயாத தொல்லை. ஒரே பொத்தானில் ஒற்றைச் சிறு புள்ளிக்கு மாறும்படி முன்பே அமைத்துவிடுங்கள். அந்தப் புள்ளியைக் கண்ணோரத்துக் கறுப்புக் கோட்டில் வைத்தால் உடனே பிடிக்கும். நெற்றியில் வைத்தால் சீரான நிறத்தில் தடுமாறும்.

தொடர்ச்சியாகச் சுடும் வேகம் நொடிக்கு எட்டுப் படம் போதும். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அதில் வையுங்கள். ஆனால் ஓடும் சிங்கத்துக்குச் சில கேமராக்களில் அது உடலை வளைத்துக் காட்டும். அப்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

கழுத்துப் பட்டை, மணிக்கட்டுப் பட்டை ஏதாவது ஒன்று கட்டாயம். லென்ஸ் மூடி, தொப்பி, கைபேசி என்று வண்டியிலிருந்து எது விழுந்தாலும் நீங்கள் இறங்கக் கூடாது. வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். மூடியை அறையிலேயே விட்டுவருவது இன்னும் நல்லது.

சிங்கம் தென்பட்டதும்

முதலில் வண்டியை நாற்பது, ஐம்பது மீட்டரில் நிறுத்தச் சொல்லி இரண்டு படம் எடுங்கள். அடுத்த நிமிடம் எழுந்து போய்விட்டால் இதுதான் மிச்சம். எடுத்ததைத் திரையில் ஒருமுறை பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். இதற்குப் பிறகு சுற்று முடியும்வரை திரையைப் பார்க்க வேண்டாம். படம் பார்க்கும் பத்து நொடியில்தான் சிங்கம் எப்போதும் எழுந்து நிற்கும்.

அடுத்து சூரியன் எங்கே, சிங்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். வண்டி தடத்தைவிட்டு விலக முடியாது. முன்னும் பின்னும் மட்டும் நகரலாம். இரண்டு மீட்டர் நகர்ந்தால் முகத்தை மறைக்கும் கிளை விலகிவிடும். ஓட்டுநரிடம் ‘முகம் மறைகிறது’ என்று கையால் காட்டினால் புரிந்துகொள்வார். ஒவ்வொரு அங்குலத்துக்கும் எஞ்சினைப் போட்டு அணைத்துச் சிங்கத்தை எரிச்சலூட்ட வேண்டாம். ஒரே நகர்வு, சரியான இடம், எஞ்சின் நிறுத்தம்.

நடக்கும் சிங்கத்தைப் பின்னால் துரத்தாதீர்கள். வால் படம்தான் கிடைக்கும். அது சாலையில் நடந்தால், தடம் அனுமதித்தால், முன்னே நூறு மீட்டர் போய் ஓரமாக நின்று அணைத்துவிடுங்கள். அது வரும் வழியை அடைக்காமல் நிற்பது முக்கியம். 400 மிமீயில் தொடங்கி, நெருங்க நெருங்க ஜூமை இழுத்துக்கொண்டே வாருங்கள். பத்து மீட்டருக்குள் வந்ததும் பெரிய கேமராவை மெல்ல இறக்கிவிட்டு அகல லென்ஸுக்கு மாறுங்கள். கடக்கும்போது எழுந்து நிற்பது, கையை வெளியே நீட்டுவது, கேமராவைக் கீழே தாழ்த்தித் தொங்கவிடுவது எதுவும் கூடாது. வண்டியையும் அதிலிருப்பவர்களையும் ஒரே பெரிய உருவமாகப் பழகிய விலங்கு அது. அந்த உருவத்திலிருந்து ஒரு கை தனியாக நீண்டால் அதற்கு அது புதிய செய்தி.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது வழிகாட்டியின் கையில். பின்னால் வேறு ஜிப்சிகள் காத்திருந்தால் சில நிமிடங்களே கிடைக்கும். அதனால் முழு உருவம் முதலில், முகம் பிறகு, காது, பாதம், வால்குஞ்சம் போன்ற விவரங்கள் கடைசியில் என்று ஒரு வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்காகக் காத்திருப்பது

சிங்கம் நாளில் பெரும்பகுதி தூங்கும் விலங்கு. தூங்கும் சிங்கத்தின் இருநூறு படங்கள் யாருக்கும் வேண்டாம். எழப்போகும் அறிகுறி தெரிந்தால் காத்திருப்பது பயன்தரும்.

கொட்டாவி ஒன்றோடு நிற்பது அரிது. இரண்டு, மூன்று அடுத்தடுத்து வரும், பெரும்பாலும் எழுவதற்கு முன்னால். முதலாவதைத் தவறவிட்டால் கேமராவை இறக்காதீர்கள். கொட்டாவியில் தலை மேலே போகும். ஆகவே தலைக்கு மேல் ஒரு தலையளவு இடம் விட்டு ஃபிரேம் வையுங்கள். கோரைப்பல்லும் கண்ணும் ஒரே தளத்தில் இல்லை, எஃப் 8. வாய் திறக்கத் தொடங்கும்போதே பொத்தானை அழுத்துங்கள். முழுதாகத் திறந்த நிலை ஒரு நொடிதான் இருக்கும்.

ஆணும் பெண்ணும் மட்டும் தனியாக, பக்கம் பக்கமாகப் படுத்திருந்தால் அது இணை சேரும் ஜோடியாக இருக்கலாம். இரண்டு மூன்று நாட்கள், ஏறக்குறைய இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை சேரும். பெண் எழுந்து வாலைத் தூக்கி நாலடி நடந்தால் தயாராகுங்கள். மொத்தமும் ஒரு நிமிடத்துக்குள் முடியும், கடைசியில் இரண்டும் பல்லைக் காட்டிச் சீறும். 1/1600, ஜூம் கொஞ்சம் அகலமாக. இந்த ஜோடியிடம் வண்டி கூடுதல் தூரத்தில் நிற்க வேண்டும். ஆண் மிகவும் முன்கோபியாக இருக்கும் நாட்கள் அவை.

ஆப்பிரிக்கப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரிய குடும்பக் கூட்டத்தை எதிர்பார்ப்பார்கள். இங்கே ஆண்கள் பெரும்பாலும் தனியாகவோ இரண்டு மூன்று கூட்டாளிகளாகவோ திரியும். பெண்களும் குட்டிகளும் தனிக்குழு. கூட்டாளி ஆண்கள் சந்திக்கும்போது தலையோடு தலை உரசுவது கிர் காட்டின் நல்ல படங்களில் ஒன்று. பிடரி ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிடக் குறைவு, காது வெளியே தெரியும். வயிற்றின் அடியில் நீளமாகத் தொங்கும் தோல் மடிப்பு உண்டு. இந்த இரண்டும் தெரியும்படி ஒரு பக்கவாட்டுப் படமாவது எடுத்துவிடுங்கள். அது ஆசியச் சிங்கம் என்பதைப் படமே சொல்லும்.

நிறுத்திவிட வேண்டிய அறிகுறிகள்

வாய் திறந்து இரைப்பது வெயிலால். பயப்பட வேண்டாம். தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னே ஒட்டி, கண்ணிமைக்காமல் உங்களையே பார்த்தால் தூரம் போதாது என்று பொருள். வால் மேலும் கீழும் வெடுக்கென்று அடித்துக்கொள்ள, அடித்தொண்டையில் உறுமல் கேட்டால் அடுத்தது பாய்ச்சலாக இருக்கலாம். பெரும்பாலும் பொய்ப் பாய்ச்சல்தான், ஆனால் அதை அறிந்துகொள்ளும் ஆராய்ச்சி உங்கள் வேலையல்ல. சிறு குட்டிகளோடு இருக்கும் தாய், இரையின் மேல் இருக்கும் சிங்கம், இணை சேரும் ஆண் ஆகிய மூன்றிடமும் பொறுமை குறைவு. அசையாமல், பேசாமல் உட்காருங்கள். பின்வாங்குவதை ஓட்டுநர் பார்த்துக்கொள்வார்.

சிங்கம் இந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று விசிலடிப்பது, கதவைத் தட்டுவது, நாக்கைச் சொடுக்குவது எல்லாம் சுற்றுலா வண்டிகளில் தினமும் நடக்கிறது. உங்கள் வண்டியில் அது நடந்தால் வழிகாட்டியிடம் சொல்லி நிறுத்துங்கள்.

கூர்மை ஏன் வரவில்லை

எல்லாம் சரியாக வைத்தும் படம் கூர்மையில்லாமல் இருந்தால் இரண்டு இடத்தில் பாருங்கள். குளிர்காலக் காலையில் சூடான பானெட்டுக்கு மேலாக எடுத்திருந்தால் அங்கிருந்து எழும் அனல் படத்தைக் கரைத்திருக்கும். முன்னோக்கி எடுக்காமல் பக்கவாட்டில் எடுங்கள். கோடையில் வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்தே அனல் எழும். அப்போது ஐம்பது மீட்டர் தாண்டிய சிங்கத்தை எந்த விலையுயர்ந்த லென்ஸும் கூர்மையாக எடுக்காது. பதினைந்து மீட்டரில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

அறைக்குத் திரும்பியதும் ஊதுபந்தால் புழுதியை ஊதிவிட்டு, தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகே துணி. நேரே துடைத்தால் மண் கண்ணாடியில் கீறும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும். புறப்படுவதற்கு அரை மணி முன்பே பையோடு வெளியில் வைத்துவிடுங்கள். அட்டையிலுள்ள படங்களை அன்றன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள்.

படத்தை வெளியிடும்போது இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள், குட்டிகள் இருக்கும் படமானால் தடத்தின் பெயரையும் சேர்த்து. சாசன் சுற்றுவட்டாரத்தில் இரவில் யாராவது வந்து, தோட்டத்துப் பக்கம் சிங்கம் காட்டுகிறேன், பத்தடியில் படமெடுக்கலாம் என்று சொன்னால், கோழியோ கன்றோ கட்டி இழுக்கும் சட்டவிரோதக் காட்சியாகத்தான் இருக்கும். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 விலங்குக்கு இரை வைத்து இழுப்பதையும் விரட்டுவதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. சிங்கம் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. பார்க்கப் போனவர்கள் மீதும் வழக்குப் பாயலாம், கையிலிருக்கும் கேமராதான் முதல் சாட்சிப் பொருள்.